பிரிட்டனின் கடல்கடந்த தீவுகளில் சுற்றுச்சூழலுக்கு யார் பொறுப்பு?

கேள்வி இதுதான்: பிரிட்டனிடம் இன்னும் மிச்சமிருக்கிற தீவுப் பகுதிகளை உண்மையில் யார் ஆள்கிறார்கள், லண்டனா உள்ளூர்க்காரர்களா? அங்கே காடு, கடல், பறவை, ஆமை எல்லாவற்றையும் காப்பாற்றும் பொறுப்பு யாருடையது? உலகின் மிகப் பெரிய கடல் காப்பகங்கள் சில அவர்களிடம் இருப்பதாகச் சொல்கிறார்களே, அது நிஜமான பாதுகாப்பா, வரைபடத்தில் போட்ட கோடா?

சுருக்கமாகச் சொன்னால், ஆள் வசிக்காத இடங்களை லண்டன் நேரடியாக ஆள்கிறது, அங்கே பாதுகாப்பு ஓரளவு நிஜம்தான். ஆள் வசிக்கும் இடங்களில் உள்ளூர் அரசு ஆள்கிறது, அங்கே பாதுகாப்பு தீவுக்குத் தீவு, தேர்தலுக்குத் தேர்தல் மாறும். மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. ஆள் இருந்த இடத்திலிருந்து ஆட்களை அகற்றிவிட்டு, அப்புறம் அதைக் காப்பகமாக அறிவித்தது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் சாகோஸ் தீவுகள் அந்த வகை. அதைக் கடைசியில் விரிவாகப் பேசலாம், ஏனென்றால் அதில் தமிழர்களும் வருகிறார்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒரு காலத்தில் இவற்றுக்கு அரச காலனிகள் என்று பெயர். 1981-ல் வந்த குடியுரிமைச் சட்டம் இவற்றை 'சார்ந்த பகுதிகள்' என்று அழைத்தது. அந்தச் சொல் பிடிக்காமல் போய், 2002-ல் இன்னொரு சட்டம் போட்டு 'கடல்கடந்த ஆட்சிப்பகுதிகள்' என்று மாற்றி, அங்கே உள்ளவர்களில் அநேகமாக எல்லாருக்கும் முழு பிரிட்டிஷ் குடியுரிமையும் கொடுத்தார்கள். மொத்தம் 14 பகுதிகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் மக்கள் தொகை சுமார் இரண்டரை லட்சத்தைச் சற்றுத் தாண்டும், அதில் பாதிக்கு மேல் பெர்முடாவிலும் கேமன் தீவுகளிலும் இருக்கிறார்கள். ஜெர்சி, கெர்ன்சி, ஐல் ஆஃப் மேன் இந்தப் பட்டியலில் கிடையாது, அவை வேறு கதை.

இந்த 14-ம் ஒரே மாதிரி ஆளப்படவில்லை. பெர்முடாவுக்கு 1620 முதல் சொந்த சட்டமன்றம் உண்டு, 1968-லிருந்து எழுதப்பட்ட அரசியலமைப்பும் உண்டு. கேமன், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள், டர்க்ஸ் அண்ட் கைகோஸ், அங்கில்லா, மொன்செராட், ஜிப்ரால்டர் எல்லாவற்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், அமைச்சரவை, சொந்த பட்ஜெட் உண்டு. லண்டன் நியமிக்கும் ஆளுநர் கையில் பாதுகாப்பு, வெளியுறவு, உள்நாட்டுக் காவல் மாதிரியான சில துறைகள் மட்டும் இருக்கும். பசிபிக்கில் இருக்கும் பிட்கெர்னுக்கு வந்தால் அங்கே மொத்தமே ஐம்பது பேர்கூட இல்லை, அதன் ஆளுநர் நியூசிலாந்திலிருக்கும் பிரிட்டிஷ் தூதர்தான், வெலிங்டனில் உட்கார்ந்தபடி இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். அட்லாண்டிக்கில் இருக்கும் அசென்ஷன் தீவு இன்னும் விசித்திரம்: அங்கே இருப்பவர்கள் எல்லாரும் வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர்களும் அவர்கள் குடும்பத்தாரும்தான், நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. தெற்கு ஜார்ஜியா, பிரிட்டிஷ் அண்டார்டிகா, இந்தியப் பெருங்கடல் பகுதி மூன்றிலும் நிரந்தரக் குடிகளே இல்லை, ஆணையர் ஒருவர் போதும். சைப்ரஸில் இருக்கும் அக்ரோதிரி, டெகீலியா இரண்டும் ராணுவத் தளங்கள். அங்கே படைத் தளபதியே நிர்வாகி.

இப்போது சுற்றுச்சூழலுக்கு வருவோம். சிக்கல் தொடங்குவது இங்கேதான். பல்லுயிர் ஒப்பந்தம் மாதிரி சர்வதேச உடன்படிக்கைகளில் கையெழுத்துப் போடுவது பிரிட்டன். ஆனால் அது தானாக எல்லாத் தீவுக்கும் பொருந்தாது. ஒவ்வொரு பகுதியும் சம்மதித்த பிறகு அதற்கு 'நீட்டிக்க' வேண்டும். சில பகுதிகளுக்கு நீட்டித்திருக்கிறார்கள், சிலவற்றுக்கு இல்லை. நிலம், மரம், கடற்கரை, கட்டட அனுமதி இதெல்லாம் உள்ளூர் அரசின் கையில். அதனால் உலக மேடையில் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர், மரம் வெட்ட அனுமதி கொடுப்பவர் இன்னொருவர். 2001-ல் பெரும்பாலான பகுதிகளோடு சுற்றுச்சூழல் சாசனம் என்று ஒன்றில் கையெழுத்திட்டார்கள், இரு தரப்பும் என்னென்ன செய்யும் என்று அதில் எழுதியிருந்தது, ஆனால் மீறினால் என்ன ஆகும் என்று எதுவும் இல்லை. நல்ல எண்ணம்தான், நீதிமன்றத்தில் நீட்டிக் காட்ட முடியாத காகிதம்.

லண்டனால் தலையிடவே முடியாதா என்றால், நன்றாகவே முடியும். பிரிவி கவுன்சில் என்ற மன்னரின் ஆலோசனை அவை வழியாக மன்னர் பெயரில் ஆணை போட்டால் போதும், உள்ளூர் சட்டமன்றத்தைக் கேட்கவே வேண்டாம். 1991-ல் கரீபியன் பகுதிகளில் கொலைக் குற்றத்துக்கான மரண தண்டனையை அப்படித்தான் ஒழித்தார்கள், 2000-த்தில் ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய சட்டங்களை அப்படித்தான் நீக்கினார்கள். 2020-ல் கேமன் சட்டமன்றம் ஒரே ஒரு வாக்கில் தோற்கடித்த, ஒரே பாலின ஜோடிகளுக்கும் சட்ட அங்கீகாரம் தரும் துணைவர் சட்டத்தை ஆளுநர் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்திக் கொண்டுவந்தார். மனித உரிமை, ஊழல், வரி ஏய்ப்பு என்றால் லண்டன் கை நீளும். ஒரு அலையாத்திக் காட்டை ஹோட்டலுக்காக அழிக்கிறார்கள் என்றால் 'அது உள்ளூர் விவகாரம்' என்று பதில் வரும். இது என் பார்வை, மறுப்பவர்களும் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது: உங்கள் காட்டை எல்லாம் முந்நூறு வருஷம் முன்பே வெட்டித் தீர்த்துவிட்டு, இப்போது எங்களுக்கு மட்டும் புத்தி சொல்ல வருகிறீர்களா என்று ஒரு கரீபியன் அமைச்சர் கேட்டால் லண்டனிடம் பதில் இருக்காது.

டர்க்ஸ் அண்ட் கைகோஸில் நடந்ததைப் பாருங்கள். அங்கே அரச நிலம் என்றால் கரை, மணல் திட்டு, ஆளில்லாச் சிறு தீவு எல்லாம் சேர்த்தி. 2000-களில் ரியல் எஸ்டேட் சூடு பிடித்தபோது அந்த நிலங்கள் ஆடம்பர விடுதிகளுக்கு என்று கைமாறத் தொடங்கின. சால்ட் கே என்ற உப்பளத் தீவில், உப்புத் தொழில் போன பிறகு சில பத்துப் பேர் மட்டும் வாழ்ந்த இடத்தில், கோல்ஃப் மைதானத்தோடு விடுதி என்று திட்டம். இதையெல்லாம் விசாரிக்க 2008-ல் ஓய்வுபெற்ற நீதிபதி ராபின் ஆல்ட் தலைமையில் ஆணையம் போட்டார்கள். அமைப்பு முழுக்க ஊழல் பரவியிருக்க அதிக வாய்ப்பு இருக்கிறது என்று அது அறிக்கை கொடுத்ததும், 2009 ஆகஸ்டில் லண்டன் அரசியலமைப்பின் முக்கியப் பகுதிகளையே நிறுத்திவைத்து ஆளுநரிடம் ஆட்சியை ஒப்படைத்தது. 2012 நவம்பர் தேர்தல் வரை அதே நிலை. ஊழல் என்பதால்தான் தலையிட்டார்கள். அதே நிலங்கள் சட்டப்படி, ஏலத்தில், நியாயமான விலைக்குப் போயிருந்தால் கடற்கரைக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேமன் வேறு மாதிரி. அங்கே பணம் இருக்கிறது, படித்த சூழலியல் துறை இருக்கிறது, 2009 அரசியலமைப்பின் உரிமைப் பட்டியலிலேயே அரசு தன் முடிவுகளில் சுற்றுச்சூழலைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது, 2013-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. நீல இகுவானா என்ற பெரிய பல்லி கிராண்ட் கேமனில் மட்டும் வாழ்வது. 2002-ல் காட்டில் இருபத்தைந்துக்கும் குறைவாகத்தான் எஞ்சியிருந்தது. வளர்த்து வளர்த்து விட்டு 2018-ல் ஆயிரத்தைத் தொட்டார்கள். அதே வருஷம், வெளியிலிருந்து வந்து பெருகிப்போன பச்சை இகுவானாவை ஒழிக்க, கொன்றுகொண்டு வந்தால் தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கத் தொடங்கி, சில வருஷத்தில் பத்து லட்சத்துக்கு மேல் கொன்றார்கள். ஒரே தீவு, ஒரு இகுவானாவுக்குத் தாலாட்டு, இன்னொன்றுக்குத் துப்பாக்கி. ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல்கள் நிற்க மேடை கட்டும் திட்டம் வந்தபோது, பவளப்பாறைகளைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று உள்ளூர் மக்கள் வாக்காளர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கையெழுத்து வாங்கி வாக்கெடுப்பு கேட்டார்கள், வழக்கு நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2025 ஏப்ரலில் பொதுத் தேர்தலோடு சேர்த்து வாக்கெடுப்பு நடந்து, மேடை வேண்டாம் என்று மக்களே சொல்லிவிட்டார்கள். இதில் லண்டன் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளூர் என்றாலே அழிவு என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். ஆனால் தீவின் நடுவே இருக்கும் பெரிய அலையாத்திச் சதுப்பின் ஓரமாகப் போகும் சாலைத் திட்டத்தைப் பற்றிய சண்டை இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பெர்முடாவை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1620-ல் கூடிய முதல் சட்டமன்றமே சின்ன ஆமைகளைக் கொல்லக் கூடாது என்று சட்டம் போட்டது. வரலாற்றிலேயே மிகப் பழைய ஆமைப் பாதுகாப்புச் சட்டங்களில் ஒன்று. பயன்? பெரிதாக இல்லை, அங்கே முட்டையிட வந்த ஆமைக் கூட்டம் பின்னால் அழிந்தே போனது. கஹோ என்ற கடல் பறவையும் அதே 1620-களில் அழிந்துவிட்டதாகத்தான் மூன்று நூற்றாண்டுக்கு மேல் எல்லாரும் நம்பினார்கள். 1951-ல் பாறைத் திட்டுகளில் சில ஜோடிகள் உயிரோடு இருப்பது தெரிந்தது. அந்தத் தேடலில் கூடப் போன பள்ளிச் சிறுவன் டேவிட் விங்கேட், பிற்பாடு தன் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். நான்சச் என்ற மொட்டைத் தீவில் குடியேறி, பழைய காட்டை மரம் மரமாக நட்டு மீட்டார். 18 ஜோடியாக இருந்தது இன்று 150-ஐத் தாண்டிவிட்டது. அந்தத் தீவுக்குச் சட்டம் 1620 முதலே இருந்தது, அங்கேயே குடியிருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வந்தது 1960-களில்தான்.

செயின்ட் ஹெலினா எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் வருத்தம் தரும் உதாரணம். நெப்போலியன் சிறையிருந்த தீவு என்றுதான் நமக்குத் தெரியும். சென்னையை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1659-லிருந்து 1834 வரை அதையும் வைத்திருந்தது. போர்த்துகீசியர் விட்டுப்போன ஆடுகள் பெருகி, முளைக்கும் கன்றையெல்லாம் மேய்ந்துவிட, எபோனி என்று அங்கே அழைக்கும் மரம் (நம் கருங்காலி இல்லை, வேறு இனம்) அழியத் தொடங்கியது. ஆடுகளைக் கொன்றால்தான் மரம் பிழைக்கும் என்று ஆளுநர் எழுதிக் கேட்க, எபோனியைவிட ஆடு மதிப்புள்ளது, கொல்ல வேண்டாம் என்று 1745-ல் லண்டன் இயக்குநர்கள் பதில் அனுப்பினார்கள். தீவில் இருப்பவனுக்குப் பிரச்சினை தெரிகிறது, முடிவெடுப்பவன் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கணக்குப் புத்தகத்தோடு இருக்கிறான். ஒருவிதத்தில் இந்தப் பகுதிகளின் முழு வரலாறும் அந்த ஒரு கடிதத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அதோடு நிற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் மலை உச்சியின் மேகக் காட்டை வெட்டிவிட்டு நியூசிலாந்து நார்ச்செடியை நட்டார்கள், கயிறும் சணல் மாதிரி நூலும் திரிக்க. பெரிய வாடிக்கையாளர் பிரிட்டிஷ் தபால் துறை, மூட்டை கட்ட. 1966-ல் தபால் துறை செயற்கை நூலுக்கு மாறியதும் தொழில் படுத்துவிட்டது. காடும் போச்சு, வேலையும் போச்சு, அந்த நார்ச்செடி மட்டும் இன்றுவரை மலைச்சரிவில் அடர்ந்து நிற்கிறது. செயின்ட் ஹெலினா ஆலிவ் என்ற மரம் அழிந்தே விட்டதென்று நினைத்திருக்க, 1977-ல் ஜார்ஜ் பெஞ்சமின் என்ற உள்ளூர்க்காரர் ஒரு மரத்தைக் கண்டுபிடித்தார். அது 1994-ல் செத்தது, அதிலிருந்து வளர்த்த கடைசிச் செடியும் 2003-ல் பட்டுப்போனது. 1980-ல் அதே பெஞ்சமினும் ஒரு தாவரவியலாளரும் செங்குத்துப் பாறையில் இரண்டு எபோனிச் செடிகளைக் கண்டார்கள், இன்று தீவில் ஆயிரக்கணக்கில் நிற்கும் எபோனி எல்லாம் அவற்றின் வாரிசு. பிரிட்டனின் வேறெங்கும் இல்லாத உயிரினங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இப்படிப்பட்ட கடல்கடந்த பகுதிகளில்தான் இருக்கின்றன, அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு தீவில். சுமார் 28.5 கோடி பவுண்டு செலவில் விமான நிலையம் கட்டித் தந்தது லண்டன், காற்றுச் சுழற்சிப் பிரச்சினையால் வழக்கமான வணிக விமான சேவை தொடங்கியது 2017 அக்டோபரில்தான். அந்த ஓடுபாதை போட்ட சமவெளியும் சும்மா கிடந்த பொட்டல் இல்லை, உலகில் வேறெங்கும் இல்லாத சிலந்தி, பூச்சி இனங்களின் வீடு.

ஆளில்லா இடத்தில் நிலைமை எவ்வளவு வேறு என்பதற்குத் தென் அட்லாண்டிக்கில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவு உதாரணம். 1904-லிருந்து 1965 வரை அங்கே கொன்ற திமிங்கிலங்கள் 1,75,000. எலிகள் சீல் வேட்டைக் கப்பல்களோடும் திமிங்கில வேட்டைக் கப்பல்களோடும் வந்தவை, கலைமான்களை 1911-லிருந்து நார்வேக்காரர்கள் இறைச்சிக்காகக் கொண்டுவந்தார்கள். இன்றைய நிர்வாகத்துக்கு வரி செலுத்தும் குடிமக்கள் யாருமில்லை, வருமானம் முழுக்க மீன்பிடி உரிமத்திலிருந்தும் சுற்றுலாக் கப்பல்களிலிருந்தும். அதனால் டூத்ஃபிஷ் என்ற விலையுயர்ந்த மீன் தீர்ந்துபோனால் அரசே திவாலாகிவிடும். தூண்டில் கயிற்றில் சிக்கி வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் அல்பட்ரோஸ் மாதிரிப் பறவைகள் செத்துக்கொண்டிருந்தன. குளிர்காலத்தில் மட்டும், இரவில் மட்டும் கயிறு இறக்க வேண்டும், கப்பல் ஒவ்வொன்றிலும் கண்காணிப்பாளர் என்று விதி போட்டதும் அது அநேகமாக நின்றே போனது. 2013-ல் வட ஐரோப்பாவின் சாமி இன மேய்ப்பர்களை வரவழைத்துக் கலைமான்களை வளைத்தார்கள், ஒரு அறக்கட்டளை ஹெலிகாப்டரில் விஷத் தீனி தூவி எலிகளை ஒழித்தது, மோப்ப நாய்களை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு 2018 மேயில் எலியே இல்லை என்று அறிவித்தார்கள். உள்ளூரில் ஒரு வாக்காளரும் எதிர்க்கவில்லை, ஏனென்றால் வாக்காளரே கிடையாது. ஆள் இருக்கும் தீவில் விஷத் தீனி தூவுவதற்கு முன் எத்தனை கூட்டம் போட வேண்டியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் மக்கள் இருந்தால் காப்பாற்ற முடியாதா? டிரிஸ்டன் ட குன்யாக்காரர்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. சுமார் 240 பேர், பக்கத்து ஊர் என்றால் செயின்ட் ஹெலினா, 2,400 கிலோமீட்டர். நிலம் பொதுச் சொத்து, பிழைப்பு சிங்கி இறால். 2011 மார்ச்சில் பிரேசிலிலிருந்து சிங்கப்பூர் போன ஒலிவா என்ற சரக்குக் கப்பல் சோயாவோடு பக்கத்து நைட்டிங்கேல் தீவில் மோதி உடைந்தது. எண்ணெய் பூசிய பெங்குவின்களை ஊரே திரண்டு படகில் ஏற்றிக் கொண்டுவந்து, ஊர் நீச்சல் குளத்தைக் காலி செய்து அதில் விட்டார்கள், 3,700-க்கு மேல். பெரும்பாலானவை பிழைக்கவில்லை. அதே மக்கள் 2020-ல் தங்கள் கடலில் 6,87,000 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள், தங்களுக்கு வேண்டிய இறால் திட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு. அவர்களுக்கு உட்பட்ட கஃப் தீவில் சுண்டெலிகள் அல்பட்ரோஸ் குஞ்சை உயிரோடு கொறித்துத் தின்கின்றன. குஞ்சு எலியைவிட முந்நூறு மடங்கு பெரிது, ஆனால் நகரத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். 2021-ல் பெரும் செலவில் விஷத் தீனி தூவினார்கள், அந்த டிசம்பரிலேயே கேமராவில் ஒரு எலி வந்து நின்றது.

சைப்ரஸ் தளங்களைச் சுருக்கமாக: அங்கே வலையில் பாடும் பறவைகளைப் பிடித்து உணவகங்களுக்கு விற்பது பழைய தொழில். 2016 இலையுதிர் காலத்தில் டெகீலியா பக்கம் மட்டும் எட்டு லட்சம் பறவைகள் கொல்லப்பட்டதாக மதிப்பீடு. பறவையை இழுக்க வேடர்கள் நட்ட அகேசியாப் புதர்களை ராணுவம் வெட்டப்போனபோது ஊர்க்காரர்கள் வழிமறித்தார்கள். பிறகு டிரோன், அபராதம் என்று இறங்கியதும் பத்தில் ஒன்றுக்கும் கீழே வந்தது.

சரி, காகிதக் கோடா என்ற கேள்வி. 2016-ல் நீல வளையம் என்று ஒரு திட்டம் தொடங்கி, இன்று 40 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கடல் அதில் அடங்கியிருக்கிறது. இந்தியாவின் நிலப்பரப்பைவிட அதிகம். பிட்கெர்னைச் சுற்றி மட்டும் சுமார் 8,40,000. ஐம்பது பேர் படகு வைத்து அதைக் காவல் காக்க முடியாது, செயற்கைக்கோளை வைத்துத்தான் பார்க்கிறார்கள். மீன்பிடிக் கப்பலை வானத்திலிருந்து பார்க்கலாம், பிளாஸ்டிக்கை என்ன செய்வது? பிட்கெர்ன் தீவுக் கூட்டத்தில் ஒன்றான ஹெண்டர்சன் தீவில் யாருமே வசிப்பதில்லை, 1988 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் கரையில் 3 கோடியே 77 லட்சம் பிளாஸ்டிக் துண்டுகள் கிடப்பதாக 2017-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது.

இப்போது சாகோஸ். 1965 நவம்பரில், மொரீஷியஸ் விடுதலை பெறுவதற்கு முன்பே, அதிலிருந்து சாகோஸையும் சீஷெல்ஸிலிருந்து அல்டாப்ராவையும் வேறு சில தீவுகளையும் பிய்த்து, இந்தியப் பெருங்கடல் பகுதி என்று ஒரு புதுக் காலனியை உண்டாக்கினார்கள், ராணுவத் தளத்துக்காக. முதலில் கண் வைத்தது அல்டாப்ராவில். அங்கே ராட்சத ஆமைகள் இருக்கின்றன என்று விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தார்கள், நாடாளுமன்றத்தில் கேள்வி மேல் கேள்வி வந்தது, பவுண்டின் மதிப்பும் சரிந்த 1967-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சாகோஸின் டியேகோ கார்சியாவில் கொப்பரைத் தோட்டங்களில் பல தலைமுறையாக வேலை செய்த குடும்பங்கள் இருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்தவர்கள், இந்தியாவிலிருந்து கூலிகளாக வந்தவர்கள், இவர்களின் வாரிசுகள். அவர்களுக்காக எந்த விஞ்ஞானச் சங்கமும் கடிதம் எழுதவில்லை. 1968-க்கும் 1973-க்கும் இடையில் 1,500 பேருக்குக் குறையாமல் மொரீஷியஸுக்கும் சீஷெல்ஸுக்கும் ஏற்றிவிட்டார்கள். ஆமைக்குக் கிடைத்த வக்கீல் மனிதருக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னால் கோபமாக எழுதுகிறேன் என்பீர்கள், ஆனால் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

2010-ல் அதே கடலில் 6,40,000 சதுர கிலோமீட்டருக்கு மீன்பிடிப்பே கூடாது என்று காப்பகம் அறிவித்தார்கள். டியேகோ கார்சியாவும் அதைச் சுற்றிய மூன்று கடல் மைலும் மட்டும் விலக்கு. காப்பகம் வந்தால் பழைய குடிகள் திரும்பி வருவது கடினமாகிவிடும் என்று ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அமெரிக்கர்களிடம் சொன்னதாகத் தூதரகக் கடிதம் ஒன்று அதே வருஷம் கசிந்தது. அதுதான் உள்நோக்கம் என்பதை பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. ஆனால் 2015 மார்ச்சில் கடல் சட்ட நடுவர் மன்றம், மொரீஷியஸின் உரிமைகளை மதிக்காமல் காப்பகம் அறிவித்தது ஒப்பந்த மீறல் என்று தீர்ப்பளித்தது. 2019-ல் சர்வதேச நீதிமன்றம், சாகோஸைப் பிரித்ததே சட்டப்படி செல்லாது என்று கருத்து சொன்னது.

அறிவியல் ரீதியாக அந்தக் கடல் மதிப்புள்ளதுதான், அதை மறுக்கவில்லை. கொப்பரைக் கப்பல்களில் வந்த எலிகள் உள்ள தீவுகளையும் இல்லாத தீவுகளையும் ஒப்பிட்டு 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. எலி இல்லாத தீவில் கடல் பறவைகள் 760 மடங்கு அடர்த்தி, அவற்றின் எச்சம் மழையோடு கடலில் இறங்கி அந்தப் பவளப்பாறை மீன்களையே கொழுக்க வைக்கிறது. தீவில் எலியை ஒழித்தால் கடலில் மீன் பெருகும். இதை நிரூபிக்க இவ்வளவு நல்ல இடம் வேறு கிடைக்காது.

அந்தக் காப்பகத்தைக் காவல் காத்தது பல வருஷம் ஒரே ஒரு ரோந்துக் கப்பல். மீன்பிடி உரிமக் காசு நின்றுபோனதால் முதல் ஐந்து வருஷம் செலவுக்கு ஒரு சுவிஸ் பணக்காரக் குடும்பத்தின் அறக்கட்டளை உதவியது. அந்த ரோந்தில் மாட்டியவர்களில் பெரும்பாலோர் இலங்கைப் படகுக்காரர்கள். குமரி மாவட்டத் தூத்தூர் வட்டாரத்தின் ஆழ்கடல் மீனவர்களும் அந்த எல்லையில் பிடிபட்டு, படகையும் மீனையும் இழந்து திரும்பியது நம் ஊர்ச் செய்தித்தாள்களில் வந்ததுதான். சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் போகிறவர்களுக்கு, வரைபடத்தில் மட்டும் இருக்கும் கோடு எங்கே என்று கடலில் தெரியாது.

2021 அக்டோபரில் இலங்கைத் தமிழர்கள் 89 பேர் வந்த படகு பழுதாகி டியேகோ கார்சியாவில் கரை சேர்ந்தது. அங்கே அகதியாக அடைக்கலம் கேட்ட முதல் ஆட்கள் அவர்கள். முன்னே உடன்படிக்கைகளை 'நீட்டிப்பது' பற்றிச் சொன்னேனே, அது இங்கே மனிதர் தலையில் விடிந்தது: அகதிகள் உடன்படிக்கை இந்தப் பகுதிக்கு நீட்டிக்கப்படவில்லை என்பது லண்டனின் நிலை. மூன்று வருஷம் வேலி போட்ட முகாமில், எலி புகுந்த கூடாரங்களில், குழந்தைகளோடு இருந்தார்கள். 2024 டிசம்பரில் அந்தப் பகுதியின் உச்ச நீதிமன்றம், அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று சொன்னது. அதற்குள் பெரும்பாலானோரை பிரிட்டனுக்கு அழைத்துப்போய்விட்டார்கள்.

2025 மே 22-ல் பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இறையாண்மை மொரீஷியஸுக்கு, டியேகோ கார்சியா 99 வருஷக் குத்தகைக்கு பிரிட்டனிடம், வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 10 கோடி பவுண்டு வாடகை. மொரீஷியஸ் அங்கே தன் காப்பகத்தை அமைத்து நடத்த பிரிட்டன் உதவ வேண்டும் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. மொரீஷியஸிலிருந்து அந்தக் கடல் 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் நாளில் நான் முதலில் பார்க்கப்போவது அந்தப் பிரிவைத்தான், குறிப்பாக ரோந்துக் கப்பலுக்கு டீசல் யார் போடுவார்கள் என்பதை.